நாங்கள் இன்னும் பார்க்காத கிராண்டு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் போன் செய்தார். "தம்பி, செவ்வாய்க்கிழமை லீவு போட முடியுமா? பேங்க்குக்குக் கூட வரணும்." அண்ணன் கிள்ளான் துறைமுகத்தில் மேற்பார்வையாளர். எந்தக் காரியத்துக்கும் என்னைத் துணைக்கு அழைக்கிற ஆள் இல்லை. அவரே கூப்பிடுகிறார் என்றால் விஷயம் பெரியதாகத்தான் இருக்கும்.

பெரியதுதான். மகளுக்கு இங்குள்ள ஒரு தனியார் கல்லூரியில் மருத்துவம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஐந்தாண்டுக் கட்டணம் 280,000 வெள்ளி. அண்ணன் கையில் இருப்பது 40,000. மீதியை வீட்டின் மேல் வாங்கிவிடலாம் என்று வங்கியில் ஒருவர் சொல்லியிருக்கிறார். "வீடு சும்மாதானே அண்ணே நிற்குது" என்றாராம். அந்த வார்த்தை அண்ணனுக்குப் பிடித்துப்போய்விட்டது. அண்ணிக்குப் பிடிக்கவில்லை. வீடு இரண்டு பேர் பெயரிலும் இருப்பதால், அவர் கையெழுத்துப் போடாமல் எதுவும் நடக்காது.

வீட்டின் மேல் கடன் வாங்குவது நம் குடும்பங்களில் இப்போது சாதாரணமாகிவிட்டது. கல்யாணம், படிப்பு, வியாபாரம், கிரெடிட் கார்டு பாக்கி எல்லாவற்றுக்கும் 'ரீபைனான்ஸ்' என்ற ஒரே சொல்தான். இந்தப் பத்தியில் இதைப்பற்றி எழுதச் சொல்லிச் சில வாசகர்கள் ஏற்கெனவே கேட்டிருந்தார்கள். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இப்போது சொந்த வீட்டிலேயே வந்து நிற்கிறது.

அண்ணன் அந்த இரட்டை மாடித் தொடர் வீட்டை வாங்கியது 2001இல். விலை 145,000 வெள்ளி. பழைய கடனில் இன்னும் 38,000 பாக்கி. மாதம் 720 வெள்ளி கட்டுகிறார், ஐந்து ஆண்டில் முடிந்துவிடும். இப்போது அவருக்கு வயது 52.

முதல் ஏமாற்றம் மதிப்பீட்டில் வந்தது. அதே வரிசையில் மூலை வீடு 550,000க்குப் போனது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை வைத்து அண்ணன் கணக்குப் போட்டிருந்தார். வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் எழுதியது 460,000. மூலை வீட்டுக்கு நிலம் அதிகம், இது நடுவீடு. ஊர் சொல்லும் விலை வேறு, வங்கி ஒப்புக்கொள்ளும் விலை வேறு. கடன் இரண்டாவதன் மேல்தான் கிடைக்கும். அதிலும் அந்த வங்கி 80 விழுக்காட்டுக்கு மேல் தராது என்றது.

அப்படியும் 300,000 தரத் தயாராக இருந்தார்கள். பழைய கடன் 38,000ஐ முதலில் அடைக்க வேண்டும். வழக்கறிஞர் கட்டணம், கடன் பத்திரத்துக்கு 0.5 விழுக்காடு முத்திரை வரி, மதிப்பீட்டுச் செலவு, காப்புறுதி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 20,000. ஆக, கைக்கு வருவது 242,000தான். ஆனால் வட்டி ஓடுவது 300,000க்கும். 4.2 விழுக்காட்டில், பத்தாண்டுத் தவணையில், மாதம் 3,066 வெள்ளி.

அண்ணனுக்குப் பிடித்தம் போகக் கையில் கிடைக்கும் சம்பளம் 5,700. கார் தவணை 700. வங்கியின் கணக்கில் இது 'தேறிவிட்டது'. அந்த அதிகாரி அதைச் சொன்னபோது அண்ணன் முகத்தில் பரீட்சையில் பாஸான பிள்ளையின் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வங்கி பார்ப்பது கடன் திரும்பி வருமா என்பதை மட்டும்தான். வீட்டில் ஐந்து பேர் எப்படிச் சாப்பிடுவார்கள் என்பது அவர்கள் பாரத்தில் கேட்கப்படாத கேள்வி. இரண்டு தவணையும் போனால் அண்ணன் சம்பளத்தில் மிஞ்சுவது 1,934 வெள்ளி. மாதத்தை ஓட்ட அண்ணி பாலர் பள்ளியில் வாங்கும் சம்பளமும் முழுதாக வேண்டும்.

இன்னொன்றையும் அந்த அதிகாரி சொல்லவில்லை, நாங்களும் முதலில் கவனிக்கவில்லை. 52உடன் பத்தைக் கூட்டினால் 62. வேலை ஓய்வு 60இல். கடைசி 24 தவணைகள், அதாவது 73,000 வெள்ளிக்கு மேல், சம்பளம் நின்ற பிறகு கட்ட வேண்டியவை. அதை எதிலிருந்து கட்டுவது? "இபிஎஃப் இருக்கே" என்றார் அண்ணன். எந்தச் செலவுக்கும் நம் ஆட்கள் சொல்லும் பதில் இது. அந்த ஒரே பணத்தை எத்தனை முறை செலவழிப்பது?

"அதுக்குள்ள பிள்ளை டாக்டராகி கட்டிடும்ல" என்பது அடுத்த பதில். கட்டலாம். ஆனால் 2016 டிசம்பரிலிருந்து அரசு மருத்துவமனைகளில் புதிய மருத்துவர்களை ஒப்பந்த முறையில்தான் எடுக்கிறார்கள். நிரந்தர வேலை எல்லாருக்கும் கிடைப்பதில்லை. 2021இல் ஒப்பந்த மருத்துவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றது பலருக்கு நினைவிருக்கும். பதினெட்டு வயதுப் பிள்ளையின் முதல் சம்பளத்தை இன்றைக்கே வங்கியில் அடமானம் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இதை மகள் முன்னால் சொல்லவும் முடியாது. அவள் ஒரு குற்றமும் செய்யவில்லை. நன்றாகப் படித்தாள், அவ்வளவுதான்.

அன்று கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டோம். அண்ணன் காரில் என்னோடு பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, கட்ட முடியாமப் போனா என்ன ஆகும்?" கேட்டாரே என்று ஒளிக்காமல் சொன்னேன். பொதுவாக மூன்று மாதம் தவணை தவறினால் வங்கி அதை வாராக்கடன் என்று எழுதிவிடும். பிறகு நோட்டீஸ், பிறகு நீதிமன்றம் அல்லது நில அலுவலகம், பிறகு லேலோங். நீதிமன்ற ஏலத்தில் முதல் முறை ஆள் வராவிட்டால் அடுத்த முறை அடிப்படை விலையில் வழக்கமாக 10 விழுக்காடு குறைப்பார்கள். விற்ற பணம் கடனுக்குப் போதவில்லை என்றால், வீடும் போய், மிச்சக் கடனும் நம் தலையில்தான் நிற்கும். கிரெடிட் கார்டுக் கடனை 18 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காட்டு வீட்டுக் கடனுக்கு மாற்றிவிட்டோம் என்று சந்தோஷப்படுகிறவர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கார்டு பாக்கிக்காக வங்கிக்காரன் நேராக உங்கள் வீட்டை ஏலத்தில் விட முடியாது. அந்தப் பாக்கியை வீட்டின் மேல் ஏற்றிய பிறகு முடியும்.

காப்புறுதி விஷயத்திலும் ஒரு சறுக்கல். அண்ணனுக்கு இனிப்பு நீர் இருப்பதால் எம்ஆர்டிஏ காப்புறுதிக்குச் சந்தா அதிகம். "வேண்டாம்னா விட்டுடலாம் அண்ணே, கட்டாயம் இல்லை" என்று வங்கியில் சொல்லியிருக்கிறார்கள். அண்ணனும் பழைய காப்புறுதி இருக்கிறதே என்று நம்பியிருந்தார். அது பழைய கடன் குறையக் குறையத் தானும் குறைந்துகொண்டே வந்த ஒன்று. புதுக் கடனை அது தாங்காது. வேறு எதில் குறைத்தாலும் பரவாயில்லை, இதில் குறைக்கக் கூடாது என்று அடித்துச் சொன்னேன். இந்த ஒன்றில் மட்டும் அண்ணியும் நானும் ஒரே கட்சி. மற்றதில் அண்ணி கடனே வேண்டாம் என்கிற கட்சி.

மறுவாரம் மூன்று பேரும் மேசையில் உட்கார்ந்து மறுபடி எழுதினோம். கட்டணம் பருவத்துக்குப் பருவம், ஒவ்வொரு முறையும் 28,000. முதல் நாளே இரண்டு லட்சத்துக்கு மேல் வாங்கி எதற்காகக் கணக்கில் வைத்திருக்க வேண்டும்? 200,000 சும்மா கிடந்தால் ஆண்டுக்கு 8,400 வெள்ளி வட்டி ஓடும். நிரந்தர வைப்பில் போட்டாலும் அந்த அளவுக்குத் திரும்ப வராது. அதைவிட ஆபத்து, பணம் கண்ணில் பட்டால் சமையலறையை இடித்துக் கட்டத் தோன்றும். மிச்சப் பணத்தைக் கடன் கணக்கிலேயே போட்டு வைத்தால் அந்த அளவுக்கு வட்டி குறைகிற 'ஃபிளெக்ஸி' கடன்கள் இருக்கின்றன. தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம். வேறொரு வங்கியில் அதைக் கேட்டோம். கேட்டால்தான் சொல்கிறார்கள்.

பிள்ளைகளின் உயர்கல்விக்கு இபிஎஃப்பின் செஜாத்தெரா கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம். அண்ணனுக்கு அதில் 60,000 வரும். சேமிப்பில் 25,000 போட்டு, 15,000ஐத் தொடாமல் வைப்பது. வீட்டின் மேல் 300,000க்குப் பதில் 160,000. எட்டே ஆண்டு. தவணை 1,965 வெள்ளி, அண்ணனின் 60 வயதோடு முடியும். பழைய கடனும் செலவும் போகக் கைக்கு 110,000.

கூட்டிப் பார்த்தால் 195,000. இன்னும் 85,000 இடிக்கிறது. அதற்கு மகள் பெயரில் பிடிபிடிஎன்னுக்கும் எம்ஐஇடிக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறோம். இரண்டிலிருந்தும் பதில் வரவில்லை. அண்ணன் துறைமுகத்து நண்பர்களோடு கூட்டுக் கட்டலாமா என்று கேட்டார். கூட்டுக்குத் தடை போட்டு 1971லேயே சட்டம் வந்துவிட்டது, ஏமாந்தால் புகார் கொடுக்கக்கூட வெட்கப்பட வேண்டும் என்றேன். அவர் அதற்கும் கோபப்பட்டார். ஏற்கெனவே தவணையில் திணறுகிறவர்கள் ஏகேபிகேயில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம் என்பதை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். ஆலோங்கிடம் போன பிறகு போவதைவிட அதற்கு முன்பே போவது நல்லது.

இத்தனையும் பேசும்போது அம்மா ஹாலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு 77 வயது. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அப்பா வேலையிலிருந்து ஓய்வுபெற்றபோது லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். வேலை இருக்கும்வரைதான் அந்த வீடு. சாமான்களை லாரியில் ஏற்றியதை அம்மா இன்றைக்கும் வரிசை மாறாமல் சொல்வார், முதலில் அம்மி, கடைசியில் கோழிக்கூண்டு. எங்கள் குடும்பத்தில் ஒருவர் பெயருக்கு வந்த முதல் கிராண்டு அண்ணன் வீட்டுக் கிராண்டுதான். அதையும் நாங்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. 2001லிருந்து வங்கியின் இரும்புப் பெட்டியில்தான் இருக்கிறது. கடன் முடிந்தால் கையில் கொடுப்பார்கள், சாமி மேடையில் வைத்து ஒரு பூசை போட வேண்டும் என்று அம்மா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அண்ணி கடைசியில் ஒப்புக்கொண்டார். வருகிற வெள்ளிக்கிழமை வழக்கறிஞர் அலுவலகத்தில் கையெழுத்து. அதை அம்மாவிடம் சொல்லப் போனோம்.

"அப்போ கிராண்டு அஞ்சு வருசத்துல வராதா?"

"எட்டு வருசம்மா" என்றார் அண்ணன்.

அம்மா விரல் விட்டு எண்ணினார். பிறகு பேத்தியைக் கூப்பிட்டு, வகுப்பு எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று கேட்டார்.