கல்யாணத்தோடு கரையக் கூடாத காசு

ஊழியர் சேமலாப நிதியில் கணவன், மனைவிக்குக் கூட்டுக் கணக்கு கிடையாது. இருவரும் தோட்டத்தில் வேலை செய்தால் இரண்டு கணக்கு. ஒவ்வொருவர் சம்பளத்திலும் 8 சதவீதம் பிடிக்கிறார்கள். நிர்வாகம் 12 சதவீதம் சேர்க்க வேண்டும். 10 வருடம் பணம் கட்டி, கணக்கில் 3 இலட்சம் ரூபாவுக்குக் குறையாமல் இருந்தால், வேலையில் இருக்கும்போதே வைத்தியச் செலவுக்கு 30 சதவீதம் வரை எடுக்கலாம்.

கல்யாணமாகி வேலையை விடும் பெண் முழுப் பணத்தையும் எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. அது சீர்வரிசையிலும் பந்தலிலும் கரைந்துவிட்டால், நோய் வரும் நாளில் குடும்பத்துக்கு ஒரு கணக்குத்தான் மிஞ்சும்.

வட்டவளையில் என்னிடம் படித்த பிள்ளைகள் இன்று கல்யாணப் பெண்கள். சகோதரிகளே, கையெழுத்து வைக்குமுன் தோட்டத் தலைவரிடம் கேளுங்கள். உங்களுக்குப் பின் பணம் யாருக்கு என்று எழுதிய பெயரையும் சரிபாருங்கள்.