ஞானஸ்நானத் தொட்டியும் சாதித் தீட்டும்

குழந்தையைச் சபையில் ஏற்கக் கிறிஸ்தவர்களிடையே இருவகை முறைகள் வழங்குகின்றன. சிங்கப்பூரில் ஷார்ட் ஸ்திரீட்டுத் தமிழ் மெதடிஸ்ட் சபையும், டார்செட் ரோட்டு ஆங்கிலிக்கன் கோயிலும், 1888-இல் தமிழ்க் கத்தோலிக்கருக்கென ஓஃபிர் ரோட்டில் எழுந்த லூர்து மாதா கோயிலும் சார்ந்த மரபுகளில், கைக்குழந்தைக்கு நீர் வார்த்து ஞானஸ்நானம் அளிப்பர். பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் சபையாரோ, விசுவாசம் இன்னதென்று அறியாத சிசுவுக்கு ஞானஸ்நானம் ஏது என்று வினவுவர். அவர்கள் குழந்தையைக் கர்த்தருக்குப் பிரதிஷ்டை செய்து ஜெபிப்பதோடு நிறுத்தி, அது வளர்ந்து தானே கேட்கும் நாளில் நீரில் மூழ்குவிப்பர்.

இவற்றுள் எது வேதத்துக்கு ஒத்தது என்று தீர்ப்புக் கூற நாம் வரவில்லை. இரண்டிலும் அன்று வாக்குக் கொடுப்பவர் குழந்தையல்ல, பெரியோரே என்பதைமட்டும் நினைவூட்ட விரும்புகிறோம். பெற்றோரும் சபையாரும் எழுந்து நின்று, "இக்குழந்தையைக் கிறிஸ்துவின் வழியில் வளர்ப்போம்" என்று கடவுள் முன் பொறுப்பேற்கின்றனர். அந்த வாக்கு என்னவாகிறது என்பதே நமது கேள்வி.

ஜொகூரில் ஓர் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் கணக்கெழுதிப் பிழைப்பவர் நாம். சென்ற ஆண்டு உறவினர் இல்லக் குழந்தையின் ஞானஸ்நானத்துக்காகப் பாலம் கடந்து சிங்கப்பூர் சென்றோம். எந்தக் கோயில் என்பது இங்கு வேண்டா. போதகர் வினவினார், சபையாரோடு நாமும் உரத்த குரலில் உறுதி கூறினோம். பின்பு விருந்தில் பெரியவர் இருவர், தெளிப்பா முழுக்கா என்று அரைமணி நேரம் வாதிட்டனர். ஒருவர் சாமுவேலை ஆலயத்தில் ஒப்படைத்த அன்னாளைக் காட்டினார். மற்றவர் வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்ற பிலிப்பிச் சிறைக்காவலனைக் காட்டினார். ஒருவரும் இணங்கவில்லை.

அப்பொழுது குழந்தையின் சிற்றன்னைக்கு வரன் பார்க்கும் பேச்சு எழுந்தது. பையன் படித்தவன், நல்லொழுக்கமுடையவன், ஞானஸ்நானம் பெற்றவன் என்றனர். "அதெல்லாம் சரி, ஊரில் அவர்கள் எந்தத் தெரு?" என்றார் ஒருவர். அந்தோ! அரைமணி நேரம் ஒன்றிலும் ஒன்றுபடாத அவ்விருவரும் இக்கேள்வியில் ஒருமனப்பட்டுத் தலையசைத்தனர். வரன் தள்ளப்பட்டது. நாமும் வாய் திறந்தோமில்லை. அந்த வெட்கமே இக்கட்டுரையை எழுதச் செய்தது.

ஞானஸ்நானம் பெற்றவர்கள் கிறிஸ்துவைத் தரித்துக்கொண்டவர்கள். அவர்களுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றும், அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை என்பது பவுலின் போதனை. எனவே "எந்தத் தெரு?" என்று கேட்பவர், தெளிப்பென்றாலும் முழுக்கென்றாலும், அந்த நீரை வெறும் நீரென்றே கூறியவராகிறார்.

இது புதிய நோயன்று. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேற்றுமை உடனே அறவே ஒழியவேண்டுமெனச் சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டாரேயன்றிச் சாதியை விட்டாரில்லை. திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயிலுக்குள்ளேயே சாதி பிரிக்கும் சுவர் நின்றது. 1910-இல் அது இடிக்கப்பட்டதும், மேற்சாதி எனப்பட்டோர் வழக்காடினர். சென்னை ஹைக்கோர்ட்டு அவர் வாதத்தை ஏற்கவில்லை. இடிபட்ட அச்சுவரின் செங்கற்களையா நம் முன்னோர் கப்பலேற்றி இங்குக் கொணர்ந்தனர்?

ஞானஸ்நான முறையைப்பற்றிய சண்டையாவது ஒருவாறு தீரக்கூடியது. 1525-இல் சூரிச்சில் பெரியோர் ஞானஸ்நானம் தொடங்கிற்று. அதன் பொருட்டு 1527-இல் ஃபெலிக்ஸ் மான்ஸ் ஆற்றில் அமிழ்த்திக் கொல்லப்பட்டார். அவ்வளவு கொடிய பகைக்குப் பின்னும், 1970-இல் அமைந்த வட இந்தியத் திருச்சபை இருமுறைகளையும் ஒரே சபைக்குள் ஏற்றது. உயிர் குடித்த சச்சரவே அடங்குமாயின், தெருப்பெயர் ஏன் அடங்கவில்லை?

"சாதி மதமன்று, அது குடும்ப வழக்கம்" என்பர் சிலர். விக்கிரகத்தையும் தாலியையும் பொட்டையும் பற்றி நுணுகி நுணுகி ஆராய்ந்தவர்கள், இதைமட்டும் வழக்கமென்று விட்டுவிடுவது எந்த வேதத்தில் உள்ளது? "கலியாணம் அவரவர் விருப்பம்" என்பர் வேறு சிலர். மிகவும் சரி, அந்தப் பெண்ணின் விருப்பத்தை அங்கு யார் கேட்டனர்?

இந்து அன்பர்களே, இதைப் படித்து நகையாதீர்! தோட்டத்து லயத்திலும் சிராங்கூன் ரோட்டிலும் இதே கேள்வி உங்கள் வீடுகளிலும் கேட்கப்படுகிறது. கோயிலில் வாக்குக் கொடுத்துவிட்டு அதனைக் கேட்பவர் நாங்கள் என்பதே வேற்றுமை.

ஆதலின் போதகர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஞானஸ்நானமாயினும் பிரதிஷ்டையாயினும், குழந்தையைக் கையில் ஏந்துமுன் ஒரு கேள்வி கூட்டிக் கேளுங்கள்: "இக்குழந்தை மணவயது எய்தும்போது சாதி கேளாதிருப்பீர்களா?" பெற்றோரும் சபையாரும் "ஆம்" என்றால் நீரை வாருங்கள், அல்லது கையை வைத்து ஜெபியுங்கள். மௌனம் சாதித்தால், குழந்தையைத் தாயிடமே திருப்பிக் கொடுங்கள். பொய்யுறுதியோடு வார்க்கும் நீரைவிட, வாராத நீர் நன்று.