ஒரு குச்சி, இரண்டு வேலை

வேப்பங்குச்சியின் நுனியை மென்றால் பிரஷ். துலக்கி முடித்ததும் குச்சியை இரண்டாகக் கிழித்தால் நாக்கு வழிப்பான். தூக்கி எறிந்தால் மண்ணோடு மண். ஒரே கருவியில் இரண்டு வேலை என்பது நமக்குப் புதிதல்ல.

பல் துலக்கும்போதே பல்லிடுக்கையும் சுத்தம் செய்யும் பிரஷ் என்பது அதே யோசனையின் இன்றைய வடிவம். தேவை நிஜமானதுதான். பிரஷ் எப்படித் தேய்த்தாலும், ஒரு பல் அடுத்த பல்லை ஒட்டி நிற்கும் பக்கங்களை எட்டுவதில்லை. சொத்தையும் ஈறு நோயும் விரும்பித் தங்கும் இடம் அது. அமெரிக்கப் பல் டாக்டர் லீவை ஸ்பியர் பார்ம்லி 1819-ல் எழுதிய நூலிலேயே இதற்கு மெழுகிட்ட பட்டு நூலைச் சிபாரிசு செய்தார்.

சிக்கல் அசைவில் இருக்கிறது. பிரஷ் தேய்க்க வேண்டும். நூலோ பல்லின் பக்கத்தை அணைத்தபடி ஈறு வரை இறங்கி ஏற வேண்டும். மெல்லிய நுனி கொண்ட இழைகள் கொஞ்சம் உள்ளே போகும். பற்கள் முட்டிக்கொள்ளும் இடத்தைத் தாண்டாது. 2018-ல் வாட்டர்பிக் நிறுவனம் பிரஷ்ஷோடு தண்ணீர்ப் பீச்சலைச் சேர்த்துப் பார்த்தது. அதற்கு மின்சாரம் வேண்டும், தண்ணீர்த் தொட்டியும் வேண்டும்.

அந்தமான் நிகோபாரில் இந்தக் கணக்கு இன்னும் கடினம். வெற்றிலை பாக்கு பரவலாகப் புழங்கும் தீவுகள் இவை. பாக்குத் துணுக்கு சிக்குவது பல்லிடுக்கில்தான். போர்ட் பிளேராக இருந்து 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆன தலைநகருக்கும் காம்ப்பெல் பேக்கும் இடையே 500 கிலோமீட்டருக்கு மேல் கடல். பல் கெட்ட பிறகு அலைவதைவிட கெடாமல் காப்பது மலிவு. ஆனால் தனிக்காரி அணை வற்றும் கோடையில் குழாய்த் தண்ணீருக்கே முறை வைக்கும் ஊரில் பீச்சும் கருவி எடுபடாது.

குப்பையும் ஒரு கவலை. 2018 ஏப்ரலில் கிரேட் நிகோபாரின் ஐந்து கடற்கரைகளை ஆராய்ந்தவர்கள் பத்து நாடுகளின் ப்ளாஸ்டிக்கைக் கண்டார்கள். நைலான் நூல் ஒரு தடவைக்கு. பிரஷ் மூன்று மாதத்துக்கு. இரண்டையும் பிரிக்க முடியாமல் ஒட்டிவிட்டால், நூல் தேய்ந்த அன்றே நல்ல பிரஷ்ஷும் குப்பைக்குப் போகும்.

ஆகவே வடிவமைப்பாளர் இணைக்க வேண்டியது கைப்பிடியை மட்டுமே. ஒரு முனையில் கழற்றி மாற்றும் பிரஷ் தலை. மறுமுனையில் எந்தக் கம்பெனி நூலையும் இழுத்துக் கட்டக்கூடிய சின்னக் கவட்டை. பல்லிடைவெளி அகலமானவர்களுக்கு அதே இடத்தில் குட்டி இடுக்கு பிரஷ். நூலைவிட இடுக்கு பிரஷ் கூடுதல் பலன் தரலாம் என்று 2019-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. சான்றுகள் அவ்வளவு உறுதியானவை அல்ல என்றும் சேர்த்தே சொன்னது.

வேப்பங்குச்சியும் இரண்டு வேலையையும் ஒரே நேரத்தில் செய்ததில்லை. முதலில் பல், பிறகு நாக்கு. புது பிரஷ்ஷுக்கும் அந்த வரிசை போதும்.