பூட்டிக் கிடக்கும் 'உயிர் கதவு'... வருஷத்துக்கு ஒரு தடவையாவது திறந்து பார்ப்பது யார்?

திண்டுக்கல்லை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2024-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி இரவு, திருச்சி ரோட்டில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியில் தீப்பிடித்தது. ஒரு குழந்தை உள்பட குறைந்தது 6 பேர் பலியானார்கள். தப்பிக்க லிப்டுக்குள் போனவர்கள் லிப்டுக்குள்ளேயே மயங்கிக் கிடந்தார்கள். பலரை பாதித்தது நெருப்பு அல்ல, புகை.

இப்படி ஒரு சம்பவம் நடந்தால் மறுநாளே எல்லா ஊரிலும் 'அதிரடி ஆய்வு' நடக்கும். சிவப்பு கலர் தீயணைப்பு சிலிண்டர் இருக்கிறதா, தேதி முடிந்து விட்டதா, மணல் வாளி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நோட்டீஸ் பறக்கும். பத்து நாளில் எல்லாம் அடங்கி விடும். ஆனால் இந்த ஆய்வுகளில் அதிகம் கண்ணில் படாமல் போகிற ஒன்று உண்டு. அதுதான் கதவு!

"அட, கதவுல என்னய்யா இருக்கு?" என்று கேட்கலாம். இருக்கிறது. ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை, தியேட்டர், பனியன் கம்பெனி, லாட்ஜ் என்று ஆயிரக்கணக்கானவர்கள் புழங்கும் இடங்களில் உயிருக்கும் சாவுக்கும் நடுவே நிற்பது பல நேரம் அந்த ஒரு கதவுதான்.

புகைக்கு அணை போடும் கதவு

பெரிய கட்டிடங்களில் மாடிப்படிக்கும் லிப்ட் வாசலுக்கும் போடப்படும் கதவு சாதாரண கதவு அல்ல. அதற்கு 'பையர் டோர்' என்று பெயர். தீ தடுப்பு கதவு. தேசிய கட்டிட விதித்தொகுப்பு 2016-ன்படி, மாடிப்படி வாசல், லிப்ட் முன்பகுதி போன்ற இடங்களில் 120 நிமிடம், அதாவது 2 மணி நேரம் தீயை தாங்கும் கதவு இருக்க வேண்டும். இந்த கதவுக்கென்றே ஐ.எஸ். 3614 என்ற இந்திய தர நிர்ணயமும் உண்டு.

இந்த கதவு நெருப்பை அணைக்காது. நெருப்பையும் புகையையும் ஒரு பக்கமே நிறுத்தி வைக்கும். அந்த நேரத்தில் ஜனங்கள் படி வழியாக இறங்கி விடலாம். கதவு ஓரத்தில் ஒரு பட்டை ஒட்டி இருப்பார்கள். சூடு பட்டதும் அது உப்பி, சந்து இடுக்கை அடைத்து விடும். மேலே 'டோர் குளோசர்' இருக்கும். யார் திறந்து விட்டுப் போனாலும் தானாகவே இழுத்து சாத்திக் கொள்ளும்.

மொத்த ரகசியமும் ஒரே வரிதான். இந்த கதவு எப்போதும் மூடியிருக்க வேண்டும், ஆனால் ஒருபோதும் பூட்டியிருக்கக் கூடாது. தள்ளினால் திறக்கணும், விட்டால் மூடணும்.

நம் ஊரில் நடப்பது என்ன? அப்படியே தலைகீழ்! மூடியிருக்க வேண்டிய கதவுக்கு செங்கல்லை முட்டுக்கொடுத்து திறந்து வைத்திருப்பார்கள். காற்று வர வேண்டுமாம். திறக்க வேண்டிய கதவுக்கு திண்டுக்கல் பூட்டு தொங்கும். திருட்டு போகக் கூடாதாம். சாவி எங்கே என்று கேட்டால் "மேனேஜர் கிட்ட இருக்கு" என்பார்கள். மேனேஜர் எங்கே? அவர் சாப்பிடப் போயிருப்பார்!

வரலாறு சொல்லும் பாடம்

இது இன்று நேற்று வந்த வியாதி அல்ல. 1911-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி அமெரிக்காவின் நியூயார்க் நகரில் ஒரு சட்டை தைக்கும் கம்பெனியில் தீப்பிடித்தது. துணி திருடிக் கொண்டு போய் விடுவார்கள் என்று ஒரு பக்க கதவை பூட்டி வைத்திருந்தார்கள். 146 பேர் பலி. பெரும்பாலும் இளம் பெண்கள்.

நூறு வருஷம் கழித்தும் கதை மாறவில்லை. 2012 நவம்பர் 24-ந் தேதி வங்காளதேசத்தில், டாக்கா அருகே ஒரு ஆயத்த ஆடை ஆலையில் நூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். வெளியேறும் வழி பூட்டிக் கிடந்தது என்று உயிர் தப்பியவர்கள் கதறினார்கள். பனியன் தைத்து பிழைக்கும் திருப்பூருக்கு இது தூரத்து கதை இல்லை.

டெல்லியில் 1997 ஜூன் 13-ந் தேதி உபகார் தியேட்டரில் 59 பேர் மூச்சுத்திணறி செத்தார்கள். கீழே டிரான்ஸ்பார்மரில் பிடித்த தீயின் புகை மேலே பால்கனிக்கு ஏறியது. அதிக டிக்கெட் விற்பதற்காக கூடுதல் சீட் போட்டு வலது பக்க நடைபாதையையே அடைத்திருந்தார்கள். ஜனங்கள் வெளியேற வழியில்லாமல் தவித்தார்கள். கொல்கத்தாவில் 2011 டிசம்பர் 9-ந் தேதி பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் 90-க்கும் மேற்பட்டோர் பலியானதும் இப்படித்தான். தீ பிடித்தது கீழே, பொருட்களை அடைத்து வைத்திருந்த பேஸ்மெண்டில். செத்தது மேல் மாடி நோயாளிகள். நடுவில் புகையை தடுத்து நிறுத்த எதுவும் இல்லை.

நம் மாநிலமும் விலக்கு அல்ல. 2004 ஜனவரி 23-ந் தேதி ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை உள்பட 50-க்கும் மேற்பட்டோர் கருகினார்கள். அதே வருஷம் ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் 94 பிஞ்சுகள். இரண்டு இடத்திலும் கூரை கீற்று. இரண்டு இடத்திலும் இறங்க குறுகலான வழி. அதன் பிறகு பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கொட்டகை ஒழிந்தது. ஆனால் 'வெளியேறும் வழி' என்ற பாடத்தை மட்டும் பாதியிலேயே விட்டு விட்டோம்.

கட்டும்போது ஒரு ஆய்வு... அப்புறம்?

தமிழ்நாடு தீயணைப்பு சட்டம் 1985-ல் வந்தது. பெரிய கட்டிடம் கட்ட தீயணைப்பு துறையின் தடையில்லா சான்று வேண்டும். கட்டி முடித்த பிறகு லைசென்சும் வாங்க வேண்டும். வரைபடத்தில் பார்த்தால் எல்லா கட்டிடத்திலும் கதவு அழகாக இருக்கும். கட்டி முடித்த அன்று உண்மையிலேயே இருக்கும்.

பிரச்சினை அதற்கு பிறகுதான். கதவு என்பது தினமும் உழைக்கிற பொருள். ஒரு ஆஸ்பத்திரி கதவை நாள் முழுக்க தள்ளுவண்டி இடிக்கும். ஆறே மாதத்தில் கீல் தொங்கும். டோர் குளோசரில் ஆயில் ஒழுகும். பெயிண்டர் வந்து உப்பும் பட்டை மேலேயே பெயிண்ட் அடித்து விட்டுப் போவார். கேமரா வயர் போட வந்த எலக்ட்ரீசியன் கதவுக்கு மேலே சுவரில் ஓட்டை போட்டு அப்படியே விட்டு விடுவார். கண்ணாடி உடைந்தால் சாதாரண கண்ணாடியை மாட்டி விடுவார்கள். வெளியில் இருந்து பார்த்தால் கதவு கதவாகத்தான் தெரியும். தீ பிடிக்கிற அன்றைக்குத்தான் அது வெறும் பலகை என்பது தெரிய வரும்.

அதனால்தான் வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஒவ்வொரு கதவையும் தனித்தனியாக சோதிக்க வேண்டும் என்கிறார்கள் விவரம் தெரிந்தவர்கள்.

மற்ற இடங்களில் எப்படி?

அமெரிக்காவில் தீ தடுப்பு கதவுகளுக்கான 'என்.எப்.பி.ஏ. 80' என்ற தர விதியில் 2007-ம் ஆண்டிலேயே வருடாந்திர சோதனையை சேர்த்து விட்டார்கள். எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று பட்டியலே உண்டு. முக்கியமாக, கதவின் பாகங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்தவர்தான் சோதிக்க வேண்டும். போகிற போக்கில் யாரோ ஒருவர் 'டிக்' அடித்து விட்டுப் போக முடியாது.

இங்கிலாந்துக்கு புத்தி வந்தது 72 உயிர் போன பிறகு. 2017 ஜூன் 14-ந் தேதி லண்டனில் 24 மாடி கிரென்பெல் டவர் எரிந்தது. பல வீட்டு கதவுகளில் தானாக மூடும் சாதனம் இல்லை, அல்லது உடைந்து கிடந்தது. வீட்டை விட்டு ஓடியவர்கள் பின்னால் கதவு மூடவில்லை. புகை வராண்டாவை நிரப்பியது. அங்கிருந்த கதவு ஒன்றை போலீசார் சோதித்தபோது 30 நிமிடம் தாங்க வேண்டிய கதவு 15 நிமிடத்தில் பல்லை இளித்தது.

2023 ஜனவரி 23 முதல் அங்கே புது விதி. 11 மீட்டருக்கு மேல் உயரமான குடியிருப்புகளில் பொது கதவுகளை 3 மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். வீட்டு வாசல் கதவுகளை வருஷத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும்.

நம் நாட்டிலேயே மராட்டியத்தில் 2006-ம் ஆண்டு சட்டப்படி, லைசென்ஸ் பெற்ற ஏஜென்சி ஜனவரி, ஜூலை என வருஷத்துக்கு இரண்டு தடவை தீ பாதுகாப்பு சாதனங்கள் நல்ல நிலையில் உள்ளன என்று சான்று தர வேண்டும். ஆனால் அதிலும் ஒரு சிக்கல். சான்று கொடுக்கிறவருக்கு காசு கொடுப்பவர் கட்டிட உரிமையாளர். சாப்பாடு போடுகிறவரையே எப்படி குறை சொல்வது?

யார் பார்ப்பது? அதுதான் கேள்வி!

தீயை அணைக்கிற பயிற்சி வேறு. கதவை சோதிக்கிற பயிற்சி வேறு. தாம்பரத்தில் மாநில தீயணைப்பு பயிற்சி மையம் இருக்கிறது. நாக்பூரில் தேசிய தீயணைப்பு கல்லூரி இருக்கிறது. ஏணியில் ஏறுவது, தண்ணீர் பீய்ச்சுவது, ஆளை தூக்கிக் கொண்டு இறங்குவது என்று நம் வீரர்கள் உயிரைக் கொடுத்து வேலை பார்க்கிறார்கள். ஆனால் ஒரு மாவட்டத்தில் உள்ள எத்தனை ஆயிரம் கதவுகளை அவர்களால் போய் பார்க்க முடியும்? போன் வந்தால் வண்டியை எடுத்துக் கொண்டு ஓடுவார்களா, கீலை எண்ணிக் கொண்டிருப்பார்களா?

இதற்கு தனி ஆள் வேண்டும். அவருக்கு தச்சனின் கண்ணும், மெக்கானிக்கின் கையும், கணக்குப்பிள்ளையின் பொறுமையும் வேண்டும். கதவில் உள்ள தகட்டை படித்து அது நிஜ பையர் டோரா, டூப்ளிகேட்டா என்று சொல்லத் தெரிய வேண்டும். கதவுக்கும் நிலைக்கும் நடுவே இடைவெளியை அளக்கத் தெரிய வேண்டும். சுமார் 3 மில்லி மீட்டர்தான் கணக்கு. இரண்டு 1 ரூபாய் காசை அடுக்கி வைத்த கனம். கதவை முழுசாக திறந்தும், கொஞ்சமாக திறந்தும் விட்டு, இரண்டு தடவையும் தாழ் 'டக்' என்று விழுகிறதா என்று பார்க்க வேண்டும். மாற்றிய கீல், தாழ், கண்ணாடி எல்லாம் தீ தாங்கும் ரகம்தானா என்று கண்டுபிடிக்க வேண்டும். கதவுக்கு நம்பர் போட்டு, போட்டோ எடுத்து, எழுதி வைத்து, சரி செய்தார்களா என்று திரும்பவும் வந்து பார்க்க வேண்டும்.

இது பெரிய படிப்பு படித்தவர்கள்தான் செய்ய முடியும் என்பதில்லை. ஐ.டி.ஐ. முடித்து விட்டு வேலை தேடும் பசங்களுக்கும், அனுபவமுள்ள தச்சர், வெல்டர்களுக்கும் முறையாக பயிற்சி கொடுத்து, பரீட்சை வைத்து, அரசே அட்டை கொடுத்தால் போதும். மாவட்டந்தோறும் பலருக்கு வேலையும் கிடைக்கும். ஒரே நிபந்தனை, கதவு விற்கிற கம்பெனி ஆளே சோதனை செய்யக் கூடாது. எந்த கட்டிடத்துக்கு யார் போவது என்பதையும் துறைதான் முடிவு செய்ய வேண்டும்.

முதலாளிகள் சொல்வதும் நியாயமா?

"கதவை திறந்து போட்டால் சரக்கு போகும், யார் பொறுப்பு?" என்பது கடைக்காரர்கள் கேள்வி. கேள்வி நியாயம்தான். ஆனால் பதில் பூட்டு அல்ல. உள்ளே இருந்து தள்ளினால் மட்டும் திறக்கும் கம்பி தாழ் இருக்கிறது. வெளியில் இருந்து திறக்காது. யாராவது தள்ளினால் அலாரம் அடிக்கும்படியும் வைக்கலாம். திருடனும் மாட்டுவான், தொழிலாளியும் பிழைப்பான்.

"ஸ்டிரெச்சர் போக வர கதவு இடைஞ்சல்" என்பது ஆஸ்பத்திரிகள் சொல்வது. அதற்கும் வழி உண்டு. காந்தம் கதவை திறந்தபடி பிடித்து வைத்திருக்கும். தீ அலாரம் அடித்ததும் விட்டு விடும். கதவு தானாக மூடும். செங்கல்லுக்கு இங்கே வேலையே இல்லை.

"செலவு யார் கொடுப்பது?" என்றால், எல்லா சோதனைக்கும் நிபுணர் தேவையில்லை. இங்கிலாந்திலும் 3 மாத சோதனை சாதாரண கண் பார்வை சோதனைதான். அதை கட்டிட காவலாளியே செய்யலாம். வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் பயிற்சி பெற்றவர் வந்தால் போதும். ஒரு தீபாவளி விளம்பர செலவில் பாதி கூட ஆகாது.

நீங்களே பார்க்கலாம்!

நீங்கள் வேலை பார்க்கிற இடத்தில் நாளைக்கே 5 நிமிஷம் ஒதுக்குங்கள். படி பக்கத்து கதவை தள்ளிப் பாருங்கள். சாவி இல்லாமல் திறக்கிறதா? வெளிப்பக்கமாக திறக்கிறதா? கையை விட்டால் தானாக சாத்தி தாழ் விழுகிறதா? கதவுக்கு பின்னால் அட்டைப் பெட்டி, துணி மூட்டை, உடைந்த நாற்காலி கிடக்கிறதா? அந்த படி கடைசியில் தெருவுக்குத்தான் போகிறதா, இன்னொரு பூட்டுக்கா?

ஒரு கேள்விக்கு தப்பான பதில் வந்தாலும் சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். தனியாக சொல்ல பயமாக இருந்தால் நாலு பேராக போய் சொல்லுங்கள். அப்போதும் அசையவில்லை என்றால் பக்கத்து தீயணைப்பு நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். தீ பிடித்து விட்டால் லிப்ட் பக்கமே போகாதீர்கள். 101 அல்லது 112-க்கு போன் போடுங்கள்.

தீ வந்த பிறகு சாவியை தேடுவதால் யாரும் பிழைத்ததில்லை. திண்டுக்கல்லில் போனவர்கள் வைத்தியம் பார்க்க போனவர்கள். கும்பகோணத்தில் போனவர்கள் பாடம் படிக்க போனவர்கள். அடுத்த ஊர் பெயர் இந்த பட்டியலில் சேருவதற்கு முன்பாக, கதவை சோதிக்க ஆளும் அந்த ஆளுக்கு பயிற்சியும் கொடுக்குமா அரசு?