பரிந்துரையாக எழுதப்பட்ட உரிமை

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர்; மொத்த மக்கள்தொகையில் 2.21 விழுக்காடு. பட்டியல் சாதியினரிடையே இவ்விகிதம் 2.45. ஊட்டக்குறைவும் ஆபத்தான தொழில்களும் எட்டாத மருத்துவமும் உடலில் பதித்த தடயமாகவே இவ்வேறுபாட்டை நாம் வாசிக்கிறோம். ஆகவே, இணையதளங்களை அனைவரும் அணுகும்படி அமைப்பது கணினிப் பொறியாளர்களின் தனிக்கவலை அன்று; சாதி ஒழிப்பு அரசியலின் கேள்வியும் ஆகும்.

கல்வி உதவித்தொகை, சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, பணி விண்ணப்பம் என வாசல்கள் பலவும் இணையத்துக்கு இடம்பெயர்ந்துவிட்டன. அரசாணையை அச்சிட்டுக் கையொப்பமிட்டு ஸ்கேன் செய்து வெறும் படமாக ஏற்றினால், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் மென்பொருளுக்கு அதில் ஓர் எழுத்தும் புலப்படாது. ஒருங்குறி அல்லாத பழைய எழுத்துருவில் அமைந்த ஆவணம் பொருளற்ற ஒலியாகவே கேட்கும். ஒலிவடிவம் இல்லாத கேப்ட்சா பூட்டிய கதவுக்கு ஒப்பானது. துணையெழுத்தும் சைகைமொழியும் இல்லாத காணொளி அறிவிப்பு, செவித்திறன் அற்றோருக்கு அறிவிப்பே அன்று.

இத்தகைய தடைகளால் பார்வையற்ற தலித் பெண் ஒருவர் தம் ஆவணங்களையும் கைபேசிக்கு வரும் ஓடிபி எண்ணையும் இன்னொருவரிடம் ஒப்படைத்தே விண்ணப்பிக்க நேர்கிறது. சாதியால் பிளவுண்ட ஊரில் அந்த இன்னொருவர் யார் என்பது சிறிய கேள்வி அன்று. வன்கொடுமை வழக்கின் ஆவணங்களைக்கூடப் பிறர் வாசித்துச் சொல்லியே அறியவேண்டிய நிலை, நீதியை இரவல் பொருளாக்கிவிடுகிறது.

சட்டம் ஊமையாக இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 42ஆம் பிரிவு மின்னணு உள்ளடக்கத்தை அணுகத்தக்க வடிவில் தரப் பணிக்கிறது. ஆனால் 2017ஆம் ஆண்டு விதிகளின் 15ஆம் விதி, கட்டாயமாக இருக்கவேண்டிய தரங்களை வழிகாட்டுதல்களாகச் சுருக்கியது. ராஜீவ் ரதூரி வழக்கில் 8.11.2024 அன்று உச்ச நீதிமன்றம் அவ்விதி சட்டத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்து, கட்டாய விதிகளை மூன்று மாதங்களுக்குள் வகுக்க ஒன்றிய அரசுக்கு ஆணையிட்டது. 30.4.2025 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் அணுகல் அரசமைப்பின் 21ஆம் உறுப்பு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. அமிலத் தாக்குதலுக்கு உள்ளானோர், கண் சிமிட்டிக் காட்ட இயலாததால் இணையவழி அடையாளச் சரிபார்ப்பில் தடைபட்டதும் அவ்வழக்கின் பின்னணி.

பரிந்துரைக்கும் கட்டாயத்துக்கும் இடையிலான தொலைவை நம் வரலாறு அறியும். பொதுக் குளங்களும் கிணறுகளும் தீண்டப்படாதோருக்கும் உரியவை என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923இல் தீர்மானித்தது. மகாட் நகராட்சியும் அதை ஏற்றது. ஆயினும் 1927இல் அண்ணல் அம்பேத்கர் மக்களைத் திரட்டிச் சென்று சவ்தார் குளத்து நீரைப் பருகும்வரை அத்தீர்மானம் காகிதமாகவே கிடந்தது. நிறைவேற்றும் பொறுப்பு எவர்மீதும் சுமத்தப்படாத உரிமை, ஆதிக்கத்துக்கு எவ்வகையிலும் இடையூறு செய்வதில்லை.

எனவே நாம் கோருவன மூன்று. நலத்திட்டத் தளங்கள் ஒவ்வொன்றும் மாற்றுத்திறனாளிகளைக் கொண்டே ஆய்வு செய்யப்பட்டு, அறிக்கை வெளியிடப்படவேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறைகளின் தளங்களுக்கு அதில் முன்னுரிமை வேண்டும். மீறுவோர்மீது 89ஆம் பிரிவின் அபராதம் உண்மையாகவே விதிக்கப்படவேண்டும். துண்டறிக்கைகளைப் படமாக மட்டும் பகிராமல் வாசிக்கத்தக்க எழுத்தாகவும் தரும் கடமை சமூகநீதி இயக்கங்களுக்கும் உண்டு. பிறர் தயவின்றித் தன் விண்ணப்பத்தைத் தானே நிரப்புவது சலுகை அன்று, சுயமரியாதை.