நாற்பது படமும் ஒரு காது வலியும்

சென்னை ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போவிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கிறது நான் வேலை பார்க்கும் பேச்சுப் பயிற்சி மையம். காட்டுப்பாக்கத்திலிருந்தும் குமணன்சாவடியிலிருந்தும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குகிறார்கள். வகுப்பு முடிந்து கதவைத் திறந்ததும் அவர்கள் கேட்பது ஒன்றுதான்: "மேடம், இன்னிக்கு எத்தனை வார்த்தை சொன்னான்?"

பல வருடம் இந்தக் கேள்விக்கு நான் மகிழ்ச்சியோடு பதில் சொன்னேன். ஃபைலைத் திறந்து காட்டுவேன். 'மூன்று மாதத்தில் 40 படங்களுக்குப் பெயர் சொல்ல வேண்டும். பத்து முறை கேட்டால் எட்டு முறை சரியாக வர வேண்டும்.' இலக்கு என்று நாங்கள் எழுதுவது இப்படித்தான் இருக்கும். பக்கத்தில் டிக் விழுந்துகொண்டே போகும்.

நாலு வயதுப் பையன் ஒருவன் அந்த 40 படங்களையும் முடித்தான். ஜிராஃப், ஹெலிகாப்டர், அன்னாசிப்பழம், எதைக் காட்டினாலும் சொல்வான். அடுத்த மாதம் மூன்று ராத்திரி விடாமல் அழுதிருக்கிறான். பசியா, பயமா, பகலில் பள்ளியில் யாராவது அடித்தார்களா என்று அவன் அம்மாவுக்குப் புரியவில்லை. நாலாம் நாள் டாக்டரிடம் போனபோதுதான் காதில் சீழ் பிடித்திருப்பது தெரிந்தது. காதுப் படத்தைக் காட்டினால் 'காது' என்று தெளிவாகச் சொல்லக்கூடிய பிள்ளை அவன். வலிக்குது என்று சொல்லவோ, அம்மாவின் கையைப் பிடித்துத் தன் காதில் வைக்கவோ நாங்கள் அவனுக்குக் கற்றுத்தரவில்லை. அது எங்கள் இலக்கிலேயே இல்லை.

அன்றிலிருந்து சொல்கிறேன். சொற்களை எண்ணிக் குழந்தையின் முன்னேற்றத்தை அளந்துவிடலாம் என்ற நம்பிக்கை தவறானது. பெற்றோரிடமும் பள்ளிகளிடமும் எங்கள் தொழிலிலும் அது ஊறிக் கிடக்கிறது. அதற்கான விலையைக் குழந்தைதான் கொடுக்கிறது.

இந்த எண்ணிக்கை மோகம் எங்கிருந்து வந்தது? இலக்கு குறிப்பாக இருக்க வேண்டும், அளக்கும்படி இருக்க வேண்டும், காலக்கெடு வேண்டும் என்பது போன்ற ஐந்து தன்மைகளைக் கேட்கும் சூத்திரத்தை 1981இல் ஜார்ஜ் டோரன் என்ற அமெரிக்கர் ஒரு நிர்வாகவியல் பத்திரிகையில் எழுதினார், கம்பெனி மேலாளர்களுக்காக. எல்லா இலக்கிலும் அந்த ஐந்து தன்மைகளும் இருந்தே ஆக வேண்டும் என்று அர்த்தமில்லை என அதே கட்டுரையில் அவரே சொல்லியிருக்கிறார். அந்த வரி நம்மிடம் வந்து சேரவில்லை. சூத்திரம் மட்டும் வந்து குழந்தையின் ஃபைலில் உட்கார்ந்துகொண்டது.

தமிழ்ப் பிள்ளைக்கு இதில் இன்னொரு அநியாயமும் நடக்கிறது. ஒரு குழந்தை சராசரியாக எவ்வளவு நீளமாகப் பேசுகிறது என்று எண்ணும் முறையை 1973இல் ராஜர் பிரவுன் தன் புத்தகத்தில் விரிவாக வகுத்தார். ஆங்கிலம் பேசிய மூன்று குழந்தைகளின் பேச்சு அதற்கு அடிப்படை. அவர் எண்ணியது சொல்லையல்ல, சொல்லுக்குள் இருக்கும் பொருளுள்ள உறுப்புகளை. நடைமுறையில் அது 'மூன்று சொல் வாக்கியம் பேச வேண்டும்' என்று சுருங்கிவிட்டது. இப்போது இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி பொம்மையை மார்போடு அணைத்துக்கொண்டு "தரமாட்டேன்" என்கிறாள். இன்னொருவன் படத்தைப் பார்த்து "ஐ வாண்ட் மில்க்" என்கிறான். நோட்டில் அவளுக்கு ஒன்று, அவனுக்கு மூன்று. 'தரமாட்டேன்' என்ற அந்த ஒரு சொல்லுக்குள் தருதல் இருக்கிறது, மறுப்பு இருக்கிறது, இனி நடக்கப்போவது இருக்கிறது, கடைசி 'ஏன்' விகுதியில் 'நான்' இருக்கிறது. அவன் சொன்ன முதல் இரண்டு சொற்களோ மனப்பாடமாக ஒட்டிக்கொண்ட ஒரே துண்டாக இருக்கலாம். எந்தப் பிள்ளை அதிகம் பேசியது? தமிழில் எழுவாயை விட்டுவிட்டுத்தான் நாம் எல்லோருமே பேசுகிறோம். "சாப்டியா?" என்றால் "சாப்டேன்" என்பதுதான் முழுப் பதில். அதைக் குறை என்று எழுதிவைக்க எந்த அளவுகோலுக்கும் உரிமை கிடையாது.

எல்கேஜி அட்மிஷன் நெருங்கும்போது இந்த அநியாயம் முற்றுகிறது. "வீட்ல இனிமே இங்கிலீஷ் மட்டும் பேசுங்க" என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். அதோடு பாட்டியின் வாய் அடைக்கப்படுகிறது. நாள் முழுக்கப் பிள்ளையோடு இருப்பவர், சோறூட்டும்போது காக்காவைக் கூப்பிடுபவர், ஒரே நாளில் பேச்சில்லாதவராகிவிடுகிறார். இரண்டு மொழி காதில் விழுவதால் பேச்சு தாமதமாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் செய்த ஆய்வுகளிலும் இல்லை. அப்பாவே 'பளம்' என்று சொல்லும் வீட்டில் மூன்று வயதுப் பிள்ளைக்கு ழகர இலக்கு கேட்பதும் வீட்டுப் பேச்சை ஒதுக்கும் இதே வகைதான்.

எண்ணிக்கைதான் இலக்கு என்றால் வாய் திறக்காத பிள்ளைக்குக் கிடைப்பது பூஜ்யம். அது சுட்டிக்காட்டியது, கையைப் பிடித்து இழுத்தது, படத்தை எடுத்து நீட்டியது எல்லாமே பூஜ்யம். இதே சென்னையில் 1985இல் தொடங்கி இயங்கிவரும் வித்யா சாகரில், பேச முடியாத பிள்ளைகள் படப்பலகையாலும் கண் அசைவாலும் பேசுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்துதான் அஜித் நாராயணன் 'ஆவாஸ்' கருவியை உருவாக்கினார். படத்தைத் தொட்டால் அது குரலாக ஒலிக்கும். இன்று தமிழிலும் பேசுகிறது. இப்படிப்பட்ட வழியைப் பயன்படுத்தலாம் என்று சொன்னால் பெற்றோர் பதறுகிறார்கள்: "அப்புறம் வாயே திறக்க மாட்டானே மேடம்." பயம் நியாயமானது, ஆனால் நடப்பது வேறு. 2006இல் மில்லர், லைட், ஷ்லாஸர் மூவரும் வாய்ப்பேச்சுக்கு மாற்று வழிகள் பற்றி வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், நம்பகமான சான்று இருந்த 27 பேரில் ஒருவருக்குக்கூட பேச்சு குறையவில்லை. 89 சதவீதம் பேருக்குக் கூடியது. பலருக்குக் கூடியது கொஞ்சம்தான். குறையவில்லை என்பதுதான் இங்கே முக்கியம்.

"காசு கட்டறோம், லீவு போட்டு வர்றோம், கணக்கு இல்லாம எப்படி நம்பறது?" என்று ஒரு அப்பா கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி. அளக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதை, எங்கே என்பதுதான் சண்டை. 1968இலேயே கிரேசுக், ஷெர்மன் என்ற இருவர், ஒவ்வொருவருக்கும் தனித்தனி இலக்கு வைத்து அதை ஐந்து படிகளில் அளக்க வழி சொன்னார்கள். அந்தக் காது வலிப் பையனுக்கு இப்போது அப்படித்தான் எழுதியிருக்கிறோம். அதில் நான்கு படிகள் இவை. வலித்தால் அழ மட்டும் செய்வது இன்றைய நிலை. அம்மாவின் கையை வலிக்கும் இடத்தில் வைப்பது எதிர்பார்க்கும் நிலை. "வலிக்குது" என்பது அதற்கு மேல். யாரும் கேட்காமலே பாட்டியிடம் போய் "காது வலிக்குது" என்றால் அதற்கும் மேல். இதைவிடத் துல்லியமான கணக்கு எந்தப் படக்கட்டில் இருக்கிறது?

உடலால் ஒன்றைச் செய்ய முடிவது வேறு, வாழ்க்கையில் கலந்துகொள்வது வேறு என்று உலக சுகாதார நிறுவனம் 2001இல் பிரித்துச் சொன்னதைப் படித்துவிட்டுத்தான் நாங்கள் பட்டம் வாங்குகிறோம். வேலைக்கு வந்ததும் வாரம் இரண்டு முறை முக்கால் மணி நேரம் பூட்டிய அறையில் பார்த்த பிள்ளைக்கு, வெளியே பெஞ்சில் காத்திருக்கும் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இலக்கு எழுதுகிறோம். அந்த அம்மாவுக்குத் தெரியும், தண்ணீர் கேட்கத் தெரியாமல் பிள்ளை ஃப்ரிட்ஜ் முன்னால் நின்று தலையில் அடித்துக்கொள்வது. பாட்டிக்குத் தெரியும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாடும்போது அவன் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது. இலக்கு அங்கேதான் இருக்கிறது. அதை எழுதும் பேனா அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

போன மாத ரிவியூவுக்கு அந்தப் பையனின் அம்மா ஒரு நோட்டோடு வந்தார். காலையில் பாட்டி இரண்டாம் தடவை உப்புமா வைத்தபோது தட்டைத் தள்ளிவிட்டு "வேணாம்" என்றானாம். பாட்டிக்குக் கோபம். அம்மா அதைச் சொல்லிவிட்டுத் தயங்கினார்: "இதெல்லாம் ஃபைல்ல எழுதுவாங்களா மேடம்?"

எழுதினோம். தேதியும் போட்டோம்.