இனிப்பு என்றால் இளப்பமா?

ஒயின் பட்டியலைக் கையில் வாங்கியதுமே "எனக்கு ட்ரை தான்" என்று மிடுக்காகச் சொல்பவர்களைப் பார்த்திருப்பீர்கள், குறைந்தபட்சம் சினிமாவிலாவது! இனிப்பே இல்லாத ஒயின் தான் விவரம் தெரிந்தவர்களுக்கு, லேசாக இனித்தால் அது கத்துக்குட்டிகளுக்கு. இப்படி ஒரு சாஸ்திரம். லண்டன், நியூயார்க் பண்டிதர்களை விடுங்கள். இனிக்கும் ரீஸ்லிங்கின் தாய்வீடான ஜெர்மனியிலேயே இன்று இந்தச் சாஸ்திரத்துக்குத் தான் மரியாதை. சாப்பாட்டோடு குடிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான ஒயின் கிடைப்பது அரிது என்னும்போது, அதைச் சாப்பாட்டு மேஜையிலிருந்தே துரத்துவது என்ன ரசனை என்று தெரியவில்லை.

(குடி உடல் நலத்துக்குக் கேடு. அந்த எச்சரிக்கை வாசகம் இந்தக் கட்டுரைக்கும் சேர்த்துத் தான்.)

சரி, விஷயத்துக்கு வருவோம். மோசல் ஆற்றங்கரை 50 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. திராட்சை பழுப்பதே பெரும்பாடு. தெற்குப் பார்த்த செங்குத்துச் சரிவுகளில், வெயிலைப் பகலில் வாங்கி இரவில் விடும் ஸ்லேட் கற்களுக்கு நடுவே ரீஸ்லிங் கொடிகளை நட்டு வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த இரவுகளில் பழத்தின் மாலிக் அமிலம் அவ்வளவாகக் கரைந்து போவதில்லை. வெயில் ஊர்த் திராட்சையில் இந்தப் புளிப்பு அறுவடைக்கு முன்பே பெருமளவு போய்விடும். மோசலில் நிற்கிறது. பொரித்த மீன் மேல் எலுமிச்சை பிழிகிறார்களே, அந்த வேலையைத் தான் இந்தப் புளிப்பும் செய்கிறது. கொழுப்பை அறுத்து, அடுத்த வாய்க்கு நாக்கைத் தயார் செய்கிறது.

அந்தப் புளிப்பை அப்படியே விட்டால் பல் கூசும். அதனால் சர்க்கரை முழுவதும் நொதிப்பதற்கு முன்பே நிறுத்திவிடுகிறார்கள். 'கபினெட்' என்ற வகையில் லிட்டருக்குச் சுமார் 40 கிராம் சர்க்கரை மிஞ்சலாம், ஆல்கஹால் 8 சதவீதம் போல. கோக்கில் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வற்றல்குழம்பை இறக்கும்போது ஒரு துண்டு வெல்லம் போடுவதில்லையா? அதைச் சாப்பிட்டுவிட்டு யாராவது "என்ன இது, பாயசமா?" என்று கேட்டதுண்டா?

இப்போது காரத்துக்கு வாருங்கள். மிளகாயில் உள்ள கேப்சைசின் வாயில் தூண்டுவது சூட்டை உணரும் நரம்பு ஏற்பியை. ஆல்கஹாலும் அதே ஏற்பியைத் தான் சீண்டுகிறது. 14 சதவீத ஆஸ்திரேலிய ஷிராஸை ஒரு தாய்லாந்து பச்சைக் கறியோடு குடித்தால் எரிகிற நெருப்பில் எண்ணெய் தான். போதாததற்கு டானினின் துவர்ப்பு வேறு. குறைந்த ஆல்கஹால், டானின் இல்லை, கொஞ்சம் இனிப்பு, நிறையப் புளிப்பு - கபினெட் அந்த இடத்தில் தீயணைப்பு வண்டி. காரம் வேண்டாமா? ஜெர்மன்காரர்கள் புகைபோட்ட ட்ரவுட் மீனோடு வைத்துப் பாருங்கள். ஆப்பிள் சேர்த்த பன்றி இறைச்சியோடு வைத்துப் பாருங்கள். "ட்ரை" ஒயின் அந்த ஆப்பிளின் இனிப்புக்குப் பக்கத்தில் வெறும் புளித்தண்ணீராகிவிடும்.

பண்டிதர்களின் கோபத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல முடியாது. 1971 ஜெர்மன் ஒயின் சட்டம் செய்த கூத்து அப்படி. பீஸ்போர்ட் என்ற கிராமத்தின் புகழ், அங்குள்ள கோல்ட்ட்ரோப்ஃப்ஷன் என்ற சரிவால் வந்தது. ஆனால் சட்டப்படி, எங்கோ சமவெளியில் விளைந்த மலிவுத் திராட்சையையும் 'பீஸ்போர்ட்டர் மிஷேல்ஸ்பெர்க்' என்று விற்க முடிந்தது! வாங்குகிறவனுக்கு இரண்டும் ஒரே ஊர். கூடவே, நொதிக்காத சாற்றைக் கலந்து இனிப்பாக்கிய லீப்ஃப்ராமில்ஷ் பாட்டில்கள் பிரிட்டிஷ் சூப்பர்மார்க்கெட்டுகளில் குவிந்தன. போதும் போதாததற்கு 1985-ல் ஆஸ்திரிய ஒயின்களில் டைஎதிலீன் கிளைகால் கலந்த மோசடி வெளியே வந்தது, ஜெர்மன் பெயரும் சேர்ந்து நாறியது. இதெல்லாம் கலப்படத்தின், பேராசையின் கதை. இதில் ரீஸ்லிங்கின் இனிப்பு செய்த குற்றம் என்ன? எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

இன்னொரு வேடிக்கை. இதே பண்டிதர்கள் லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரையைத் தாண்டிய சோட்டெர்னை வாத்து ஈரலோடு கண்மூடி ரசிப்பார்கள். 'புரூட்' ஷாம்பெயினில் 12 கிராம் வரை சர்க்கரை இருக்கலாம், அதைப் பற்றிப் பேச்சே வராது. பிரெஞ்சு லேபிள் என்றால் இனிப்பு நாகரிகம் ஆகிவிடுகிறது போலும் :-) 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் வியாபாரிகளின் விலைப்பட்டியலில் உயர்ந்த ஜெர்மன் ரீஸ்லிங்குகள் போர்தோவின் தலைசிறந்த ஒயின்களோடு சரிசமமாக நின்றன என்பதை இவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

ட்ரை ரீஸ்லிங் மோசம் என்பதல்ல வாதம். கன்றிறைச்சியோடு, வெண்ணெயில் வதக்கிய மீனோடு அது அருமை. ஆனால் ஜெர்மனியின் முதல்தர ஒயின் தயாரிப்பாளர்கள் சங்கம் தன் உயர்ந்த தோட்டங்களுக்குத் தரும் 'குரோஸஸ் கெவெக்ஸ்' என்ற பட்டம் ட்ரை ஒயினுக்கு மட்டும் தான். அதே சரிவு, அதே கை, கொஞ்சம் சர்க்கரை மிஞ்சிவிட்டால் பட்டமும் கிடையாது, பெரும்பாலும் விலையும் கிடையாது.

விலை இல்லை என்றால் அந்தச் சரிவுகளில் யார் ஏறுவார்கள்? ப்ரெம் ஊரின் கால்மோன்ட் சரிவு சில இடங்களில் 60 பாகைக்கும் மேல் செங்குத்து. டிராக்டர் ஏறாது, எல்லாம் கைவேலை தான். 1990களின் தொடக்கத்தில் 12,000 ஹெக்டேருக்கு மேல் இருந்த மோசல் திராட்சைத் தோட்டங்கள் இன்று சுமார் 8,500-க்கு வந்துவிட்டன. வெப்பமும் ஏறுகிறது. 2019 அறுவடைக்குப் பின் வந்த குளிர்காலத்தில், பழம் உறைவதற்குத் தேவையான மைனஸ் 7 டிகிரி வராததால் ஜெர்மனி முழுக்க ஐஸ் ஒயினே எடுக்க முடியவில்லை. பழம் சீக்கிரம் பழுத்தால் 8 சதவீத ஆல்கஹாலில் புளிப்போடு நிற்கும் கபினெட்டை எடுப்பதும் வருடத்துக்கு வருடம் சிரமம் தான்.

அதுவரை "எனக்கு ட்ரை தான்" ஆசாமி பச்சைக் கறிக்கு ஷிராஸ் வாங்கி, இரண்டாவது வாயில் கண் கலங்கி, பரிமாறுபவரைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.